கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் – 23: சமர்கண்டில் ஓர் அரைப் புள்ளி

சென்ற இதழில் பாத்திமாவை இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் விட்டுவிட்டு வந்தோம். 1933இல் பிரிட்டிஷ் மகளிர் சதுரங்கப் பட்டத்தை 11க்குப் பத்தரைப் புள்ளி எடுத்து வாங்கியவர், எஜமானர் சர் உமர் ஹயாத் கானின் வீட்டாரோடு ஊர் திரும்பினார். அத்தோடு போட்டி மேடைகளிலிருந்து அவர் பெயர் மறைந்தே போயிற்று. முறைப்படி பார்த்தால் இந்த இதழில் 1974க்கு, முதல் தேசிய மகளிர் போட்டிக்கு, கடில்கர் சகோதரிகளிடம் போகவேண்டும். போகத்தான் போகிறோம். அதற்கு முன் ஒரே ஓர் இதழ் குதிரை தாண்டுவதுபோலத் தாண்டி 2025 செப்டம்பர் 15ஆம் தேதிக்குப் போய்வரலாம். மற்றதையெல்லாம் படித்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த நாளை மட்டும் கண்ணால் பார்த்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும்.

பார்த்த இடம் ஆரப்பாளையம் பேருந்து நிலையம்.

திங்கட்கிழமை. தேனியில் ஒரு வேலை. ஆரப்பாளையம் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: வைகைக்குத் தென்கரையில், ஊரின் மேற்கு ஓரத்தில், தேனி, கம்பம், வத்தலக்குண்டு, கொடைக்கானல், திண்டுக்கல் என்று மேற்கேயும் வடக்கேயும் போகிற சனம் அத்தனையும் வந்து நிற்கிற இடம். நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கோத்துச் சொல்வார்கள். பூக்காரம்மா, வெள்ளரிப் பிஞ்சு, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற தாய். அதற்கு நடுவே ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் நடக்கிற ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமர்கண்டுக்கும் நமக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே சாயங்காலம் என்றால் அங்கேயும் சாயங்காலம்தான்.

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, மேட்சா?”

“ஆமாப்பா. செஸ்சு.”

“நம்மாளு யாரு?”

“வைஷாலி. மெட்ராஸ் பொண்ணு. எதிர்ல சீனாக்காரம்மா.”

“ஜெயிச்சிருமா?”

“ஜெயிச்சா ரொம்ப நல்லது. தோக்காம டிரா பண்ணுனாக்கூட கப்பு வர வாய்ப்பு இருக்கு.”

ஆற்றிக்கொண்டிருந்த டீ அப்படியே நின்றது. “ஜெயிக்காம எப்படிண்ணே கப்பு குடுப்பாய்ங்க?”

நல்ல கேள்வி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த யாரும் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு அந்த மனிதருக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது, வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டி. செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து 11 சுற்றுகள். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதென்றால் இரண்டு மாதம் ஆகும். அதனால் சுவிஸ் முறை: ஒரு சுற்று முடிந்ததும் ஒரே புள்ளியில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் எதிரே உட்கார வைப்பார்கள். ஒரு தடவை மோதியவர் மறுபடி எதிரே வரமாட்டார். 1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் முதன்முதலாக இப்படி ஆடியதால் இந்தப் பெயர். வென்றால் 1, டிரா என்றால் அரை, தோற்றால் ஒன்றுமில்லை. யாரும் வெளியே தள்ளப்படுவதில்லை. தோற்றவரும் மறுநாள் வந்து உட்காரலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பரிசுப் பணத்தைவிடப் பெரியது ஒன்று அங்கே இருந்தது. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு 2026 மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம். கேண்டிடேட்ஸில் எட்டே பேர். அதில் முதலாவது வருபவர்தான் உலகச் சாம்பியனுக்கு எதிரே உட்கார முடியும். பத்துச் சுற்று முடிந்தபோது வைஷாலியும் கதெரினா லக்னோவும் ஆளுக்கு ஏழரைப் புள்ளியோடு முன்னால் நின்றார்கள். கடைசிச் சுற்றில் வைஷாலிக்கு எதிரே வந்தவர் டான் சோங்யி.

ஆட்டத்துக்குள் போகுமுன் அந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் ஒரு வரலாற்றுத் தொடர் நகரக் கூடாது. சமர்கண்டின் பழைய ஊர் இருந்த மேட்டுக்கு அஃப்ராசியாப் என்று பெயர். 1977இல் அங்கே தோண்டியபோது யானைத் தந்தத்தில் செதுக்கிய ஏழு சிறு காய்கள் கிடைத்தன. யானை, குதிரை, தேர், சிப்பாய். 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். இன்றுவரை கிடைத்த சதுரங்கக் காய்களில் மிகப் பழையவை அவைதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். நம் நாட்டில் பிறந்த ஆட்டம் பாரசீகம் போய், பட்டு வியாபாரிகளின் மூட்டையோடு மூட்டையாக அந்த ஊரில் இறங்கியிருக்கிறது. படம் பார்த்தபோது எனக்குக் கண் போனது சிப்பாய் மேல்தான். விரல் நுனி அளவு ஆள், முழங்கால் மண்டியிட்டு, கையில் கேடயத்தோடு, யாருடைய உத்தரவுக்கோ ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு மேலாகக் காத்திருக்கிறான்.

அந்தக் காய்களில் ராணி கிடையாது. இருக்கவும் முடியாது. பழைய சதுரங்கத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவர் மந்திரி. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்வார், பலகையிலேயே பலமில்லாத காய்களில் ஒன்று. ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் அந்த இடத்தில் ராணி வந்தாள், 15ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எட்டுத் திசையும் பாய்கிற பலம் அவளுக்கு வந்தது. நம் ஊரில் கல்யாணமானவரிடம் “உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?” என்று கேட்பது வழக்கம். பலகையும் ஆயிரம் வருடம் சிதம்பரமாக இருந்து பிறகு மதுரையானது. ஆனால் காய் ராணியானதும், ராணி அத்தனை பலம் பெற்றதும், பலகைக்கு வெளியே இருந்த பெண்ணுக்கு நாற்காலி போட்டுவிடவில்லை. இந்தத் தொடரின் முதல் இதழில் நீடாமங்கலம் பக்கத்துத் திருப்பூவனூர்க் கதையைச் சொன்னேன். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ராஜராஜேஸ்வரியை வெல்ல ஈசனே கிழவர் வேடத்தில் இறங்கி வர வேண்டியிருந்தது, சுவாமிக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயரும் ஆயிற்று. தோற்கடித்துக் கல்யாணம் செய்துகொண்டதோடு கதை முடிகிறது. அந்தப் பெண் மறுநாள் காயைத் தொட்டாளா என்று தலபுராணம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருக்கிறது.

பாத்திமாவும் மறுபடி ஆடவில்லை. 1976இல் ஆண்களுக்கான தேசியப் போட்டியில் ரோகிணி கடில்கர் போய் உட்கார்ந்தபோது எதிர்ப்பு கிளம்பி, வழக்கு வரை போய், கடைசியில் ஃபிடே தலைவர் மாக்ஸ் யூவ் பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நம் சென்னையில் எஸ். விஜயலட்சுமி வந்தார், 2001இல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார், இந்தியப் பெண்களில் அவரே முதல். 1999இல் ஆரத்தி ராமசாமி ஸ்பெயினில் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றார். அந்த ஆரத்தியும் கணவர் ஆர்.பி. ரமேஷும் 2008இல் தொடங்கிய செஸ் குருகுலத்தில் பாடம் படித்தவர்தான் வைஷாலி. இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இதழ் வரப்போகிறது என்பதால் இங்கே ஓடியே கடக்கிறேன்.

வைஷாலி 2001 ஜூன் 21 அன்று பிறந்தவர். டி.வி.யே கதி என்று உட்கார்ந்திருந்த பிள்ளையைத் திருப்ப வீட்டில் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் காயைத் தொட்டான், அந்தத் தம்பிதான் பிரக்ஞானந்தா. பத்திரிகைகளில் பாதி நேரம் ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’ என்று எழுதினார்கள். வரிசை தலைகீழ். 12 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டம் 2012இல், 14 வயதுக்குட்பட்ட பட்டம் 2015இல் அக்காவிடம் வந்தது. 2013இல் சென்னைக்கு வந்த மாக்னஸ் கார்ல்சன் பலரோடு ஒரே நேரத்தில் ஆடிய காட்சி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்த 12 வயதுப் பிள்ளையும் இவர்தான். 2023 கடைசியில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கோனேரு ஹம்பி, ஹரிகாவுக்குப் பிறகு இந்தியாவின் மூன்றாவது பெண். உலகிலேயே அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் என்பது அதுதான் முதல் தடவை. அம்மா நாகலட்சுமி போட்டிக்குப் போகும் இடமெல்லாம் குக்கரும் அரிசியும் எடுத்துப்போய் ரசம் சாதம் வைத்துக் கொடுப்பது தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குள் அந்த ரசத்துக்கும் பங்கு உண்டு என்று நான் மனதார நம்புகிறேன்.

சமர்கண்டுக்கு ஒரு மாதம் முன்பு, 2025 ஆகஸ்டில், சொந்த ஊரிலேயே சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி. அதன் சேலஞ்சர்ஸ் பிரிவில் வைஷாலி ஆடினார். ஒன்பது சுற்றில் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றார்.

ஏழு என்பதை வாய்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். செஸ்ஸில் தோல்வி மற்ற ஆட்டங்களைப்போல் இல்லை. வெயில், பிட்ச், அம்பயர், கூட்டாளி என்று எதையும் கைகாட்ட முடியாது. நாலு மணி நேரம் உட்கார்ந்து நீயே யோசித்து, நீயே நகர்த்தி, நீயே எழுதி, கடைசியில் எதிராளி கையைப் பிடித்துக் குலுக்கி, தோற்றேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நகர்த்தலை எழுதும் அந்த ஸ்கோர் ஷீட்டில் முடிவுக்குக் கீழே இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள். ஏழு நாள் அப்படிக் கையெழுத்து வைத்துவிட்டு, மறுநாள் அதே ஊரில், தெரிந்த முகங்கள் பார்க்க, அடுத்த ஆட்டத்துக்குப் போய் உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்த பலர் ஒரு பரீட்சை தவறியதற்கே ஊரை விட்டுப் போயிருக்கிறார்கள்.

சமர்கண்டுக்குப் போக வேண்டாம் என்றே நினைத்ததாக வைஷாலியே பிறகு பேட்டியில் சொன்னார். தம்பியும் பயிற்சியாளரும் கூட இருந்தவர்களும் பேசித்தான் அனுப்பினார்கள். இதைப் படித்தபோது நான் பாத்திமாவை நினைத்தேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து “மறுபடி போய் ஆடு” என்று சொல்ல யாரும் இருந்தார்களா? பெண்கள் செஸ்ஸின் வரலாறு என்று பட்டங்களையும் ஆண்டுகளையும் வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறேன். உண்மையில் அந்த வரலாறு நகர்ந்தது பட்டங்களால் அல்ல, தோற்ற மறுநாள் ஒரு பெண் மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார முடிந்ததா என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுவிஸ் முறையில் யாரும் வெளியே தள்ளப்படுவதில்லை என்றேனே, விதி அப்படித்தான். வீடும் ஊரும் அப்படி இருந்ததா என்பதைத்தான் இருபத்து மூன்று இதழாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு முன்பும் வைஷாலி இப்படி எழுந்தவர்தான். 2024இல் கனடாவின் டொரண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸில் நடுவில் நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றார். ஊர் முழுக்கக் கதை முடிந்தது என்றது. கடைசி ஐந்து சுற்று, ஐந்தும் வெற்றி. ஏழரைப் புள்ளியோடு ஹம்பி, லெய் டிங்ஜீ இருவரோடும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் போட்டியில் 9 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தவர் யார் தெரியுமா? டான் சோங்யி.

டான் சோங்யி பற்றிச் சொல்ல வேண்டும். 1991இல் சீனத்துச் சோங்சிங் நகரில் பிறந்தவர். 2017இல் தெஹ்ரானில் நாக்-அவுட் முறையில் உலக மகளிர் சாம்பியன் ஆனார், மறு வருடம் சொந்த நாட்டுக்காரர் ஜூ வென்ஜுனிடம் பட்டத்தை இழந்தார். ஏழு வருடம் கழித்து, டொரண்டோ வெற்றியின் பலத்தில், அதே ஜூ வென்ஜுன் முன்னால் மறுபடி உட்கார்ந்தார். 2025 ஏப்ரலில் நடந்த அந்தப் பட்டப் போட்டியில் ஆறரைக்கு இரண்டரை என்று தோல்வி. அது முடிந்து மூன்றே மாதத்தில், ஜூலையில், ஜார்ஜியாவின் பட்டூமியில் மகளிர் உலகக் கோப்பை. கால் இறுதியில் எதிரே வந்த வைஷாலியை வீட்டுக்கு அனுப்பியவர் அவரே. அரை இறுதியில் அவரை வீழ்த்திய நாக்பூர்ப் பெண் திவ்யா தேஷ்முக், இறுதியில் ஹம்பியையும் வென்று கோப்பையை வாங்கினார். அது தனிக் கதை.

ஆகவே செப்டம்பர் 15 அன்று பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் தோல்வியைப் பற்றி ஒருவருக்கொருவர் பாடம் சொல்லத் தேவையில்லாதவர்கள். எதிராளி என்று சொல்கிறோம். அந்த அறையில் வைஷாலியின் வலி என்னவென்று மற்ற யாரையும்விட எதிரே இருந்தவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

சமர்கண்டில் வைஷாலிக்கு நல்ல தொடக்கம். நடுவில் கசக்ஸ்தானின் பிபிசாரா அசௌபயேவாவிடம் ஓர் அடி. அதோடு சரிந்துவிடவில்லை. பத்தாம் சுற்றில் முன்னாள் உலகச் சாம்பியன் மரியா முசிசுக்கை வென்றார். கடைசி நாள் வந்தது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். செஸ் நேரலையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது என்பார்கள். இரண்டு தலை, ஒரு பலகை, ஒரு கடிகாரம். நான் கைகளைப் பார்ப்பேன். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பது விதி. அழுத்திய கை பேனாவைத் தேடும், நகர்த்தியதைத் தாளில் எழுதும். எழுதிவிட்டு நகர்த்தக் கூடாது, நகர்த்திவிட்டுத்தான் எழுத வேண்டும். பிறகு அந்தக் கை கன்னத்துக்கோ நெற்றிக்கோ போகும். நகர்த்து, அழுத்து, எழுது, காத்திரு. நெல் நாற்று நடுகிற பெண்கள் கை போல ஓர் ஒழுங்கு அதில் உண்டு. அரைப் புள்ளிக்காக நாலு மணி நேரம் இப்படி உட்காருவது, வென்றாக வேண்டும் என்று உட்காருவதைவிடக் கடினமானது என்று நினைக்கிறேன். வெல்லப் போகிறவர் ஒரு இடத்தில் பாயலாம். தோற்கக் கூடாதவர் எதிராளி நினைக்கிற ஒவ்வொன்றையும் அவருக்கு முன்பே நினைத்தாக வேண்டும்.

ஒரு தேனி வண்டி போனது. இன்னொன்றும் போனது. “ஏறலையாண்ணே?” என்று நடத்துநர் கேட்டார். கையை ஆட்டிவிட்டேன்.

ஆட்டம் டிராவில் முடிந்தது.

வைஷாலி 8 புள்ளி. லக்னோவும் தன் கடைசி ஆட்டத்தை டிரா செய்து 8 புள்ளி. சமமாக நின்றால் பார்க்கிற டை-பிரேக் கணக்கில் வைஷாலி முதலிடம், லக்னோ இரண்டாமிடம். இருவருக்குமே கேண்டிடேட்ஸ் இடம். மகளிர் கிராண்ட் சுவிஸ் அதுவரை மூன்று தடவைதான் நடந்திருக்கிறது. 2021இல் லாத்வியாவின் ரீகாவில் லெய் டிங்ஜீ வென்றார். 2023இல் மான் தீவில் வைஷாலி, 2025இல் மறுபடி வைஷாலி. இரண்டு தடவை வென்றவர் அவர் ஒருவரே. எட்டுப் பேருக்கான கேண்டிடேட்ஸுக்குத் திவ்யா, ஹம்பி, வைஷாலி என்று மூன்று இந்தியப் பெண்கள் தகுதி பெற்றார்கள். ஏழு தோல்விக்கும் இதற்கும் இடையில் ஒரே மாதம்.

டீ மாஸ்டர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். “என்னண்ணே ஆச்சு?”

“டிரா. கப்பு நமக்குத்தான்.”

“அட! அதெப்படிண்ணே டிரான்னு பலகைக்குத் தெரியும்? ராஜா ரெண்டும் உயிரோடதான நிக்கிது?”

இந்தத் தொடருக்காக மூன்று வருடமாகப் படிக்கிறேன், என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. பெரிய போட்டிகளில் பலகைக்கு அடியில் மின் கம்பிகள் உண்டு. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் என்று அதுவே படித்து உலகத்துக்கு அனுப்பும். முடிவை அதற்குச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ராஜாக்கள் இரண்டையும் எடுத்துப் பலகையின் நட்ட நடு நாலு கட்டங்களில் வைப்பார்கள். வெள்ளை வென்றால் இரண்டு ராஜாவும் வெள்ளைக் கட்டங்களில். கறுப்பு வென்றால் இரண்டும் கறுப்புக் கட்டங்களில்.

என் போனில் இருந்த செஸ் பலகையில் மற்ற காய்களையெல்லாம் எடுத்துவிட்டு, ராஜா இரண்டையும் நடுவில் வைத்துக் காட்டினேன். அவர் போனைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்.

“ஒண்ணு வெள்ளைல நிக்கிது. ஒண்ணு கறுப்புல.”

“அதான் டிரா.”

“பக்கத்துப் பக்கத்துல வச்சிட்டாய்ங்களேண்ணே” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்காமலே இன்னொரு டீ ஆற்றத் தொடங்கினார். மூன்றாவது தேனி வண்டி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது.

(தொடரும்)